இருபதாவது படம்

பத்துமலை ஒரே பேச்சில் நின்றான். வேவுக்காரன் படம் பத்தொன்பதும் முதலிலிருந்து வரிசையாக ஓடி முடியட்டும். அதுவரை ரத்தம் கழுவப் போகிறேன். அதற்கு மேல் என்னை யாரும் வேனில் ஏற்றக்கூடாது.

இதைச் சொன்னது தைப்பூசத்துக்கு மறுவாரம். சர்க்கரை அதற்குள் அவன் கண் இரண்டையும் கிட்னி இரண்டையும் தின்று முடித்திருந்தது. ஒரு கால் முட்டிக்குக் கீழே இல்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ஈப்போ பிளாட்டின் நாலாவது மாடியிலிருந்து நாற்காலியோடு அவனை இறக்கிக் கொண்டுபோவார்கள். நாலு மணி நேரம் மெஷினில் போட்டு, பிழிந்த துணி மாதிரி திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். நிறுத்தினால் பத்து நாள் தாங்கும் என்று அங்கே இருக்கிற நர்ஸ் மிஸ்ஸி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படம். போடுகிறவன் பிச்சைமுத்து. இரண்டு பேரும் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தைச் செம்பனை எண்ணெய் மரத்துக்கு மாற்றி ஆளை வெளியே அனுப்பினபோது ஈப்போவுக்கும் ஒன்றாகத்தான் வந்தார்கள். அறுபத்திரண்டு வயதிலும் பிச்சைமுத்து மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் மூட்டை இறக்குகிறான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி ஏறி வந்து, டிவி முன்னால் உட்கார்ந்து, பார்ப்பதை எல்லாம் சொல்வான்.

"கீழ மலாய்ல எழுத்து ஓடுது, இருடா."

"ஓடுனா புடிச்சுப் படி."

"நாப்பது வயசுல எழுத்துக் கூட்டப் படிச்சவன்டா நான். அது ஓடுற ஓட்டத்துக்கு எனக்கு வராது."

"அப்ப வேவுக்காரன் செத்து எட்டாம் நாளுதான் அவன் என்னா பேசுனான்னு சொல்லுவ."

வேவுக்காரனுக்கு இங்கிலீஷில் ஒரு பேர் உண்டு. தோட்டத்தில் அது யார் வாயிலும் நிற்கவில்லை. நடிக்கிற ஆள் நாலு தடவை மாறியும் இவர்களுக்கு அவன் வேவுக்காரன்தான். எந்தப் படத்தில் எந்தப் படகு எந்தப் பாலத்துக்கு அடியில் வெடித்தது என்பது பத்துமலைக்குச் சத்தத்திலேயே தெரியும். "இப்ப கதவு தொறக்கும் பாரு" என்பான். திறக்கும். அந்த இரண்டு மணி நேரம்தான் அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடும்.

பத்தொன்பதாவது படம் முடிந்த அன்றைக்கு பத்துமலையின் மனைவி காளியம்மா பிச்சைமுத்துவை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசினாள்.

"அண்ணே, இருபதாவது ஒண்ணு வந்திருக்குன்னு சொல்லுங்க. அவருக்கு என்னா தெரியப் போகுது."

"அவனையா ஏமாத்தச் சொல்ற?"

"ஒரு வாரம் போவார்ல. அடுத்த வாரத்துக்கு இன்னொண்ணு சொல்லுவோம்."

பிச்சைமுத்துவுக்கு வாய் கூசியது. ஆனாலும் கூடத்துக்கு வந்து, புதுசு ஒண்ணு வந்திருக்காம் மச்சான் என்று சொல்லிவிட்டான்.  பத்துமலை, "யாருடா நடிக்கிறா?" என்று கேட்டான். அந்தச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் முனகாமல் வேனில் ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமை பிச்சைமுத்து வேறு ஏதோ ஒரு சுடுகிற படத்தைப் போட்டு சத்தத்தைக் குறைத்து வைத்தான். படத்தை அவன் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இட்டுக்கட்டினான்.

"எங்கடா அந்த மியூசிக்?"

"மாத்திட்டானுங்க லா. எல்லாம் புதுசு."

பனிமலையைச் சொன்னான். கப்பலைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே ருசி வந்துவிட்டது. வில்லன் பின்னால் வருகிறான், வேவுக்காரன் திரும்பவே இல்லை, கண்ணாடியில் பார்த்துவிட்டான், இடது கையைக் கோட்டுக்குள் விட்டுத் துப்பாக்கியை எடுத்தான், சுட்டான்.

பத்துமலையின் கழுத்து மெல்லத் திரும்பியது.

தோட்டத்தில் படம் காட்ட வந்தால் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். துணிக்கு முன்னால் கணக்கு எழுதுகிற கிராணி வீடும் வேலை வாங்குகிற மண்டோர் வீடும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். பாலுக்கு மரம் வெட்டுகிறவன் பிள்ளைக்குத் துணியின் பின்பக்கம்தான். பின்னால் இருந்து பார்த்தால் எல்லாம் கைமாறித் தெரியும். இவர்கள் பார்த்து வளர்ந்த வேவுக்காரன் இடது கைக்காரன். பதினேழு வயதில் ஈப்போ தியேட்டரில் முதல் தடவை முன்பக்கம் உட்கார்ந்தபோது, துப்பாக்கி வலது கையில் இருந்தது. இது வேற ஆளுடா என்று இரண்டு பேரும் எழுந்து போகப் பார்த்தார்கள். பத்தொன்பது படத்தையும் டிவியில் பார்த்துச் சொன்னபோது பிச்சைமுத்து வாயில் வலது கைதான் வந்தது. மனசிலிருந்து எடுத்துச் சொன்னதும் பழைய கை வந்துவிட்டது.

"பிச்சை, டிவிய அடச்சிடு."

"ஏன்டா, இன்னும் பாதி இருக்கு."

"நீ டிவியப் பாக்கல. துணிக்குப் பின்னால உக்காந்திருக்க."

அடுப்படி வாசலில் காளியம்மா கையைத் துடைக்காமல் நின்றாள். பிச்சைமுத்து டிவியை அடைத்தான்.

"மறுபடி மொதல்லேருந்து பாப்போம் மச்சான். நீ மட்டும் போயிட்டு வா."

"நாலு மணி நேரம் அதுல நீ படுத்துப் பாரு, அப்புறம் பேசு." பத்துமலைக்குக் கோபமில்லை. "கப்பல் சண்டை நல்லாத்தான் இருந்துச்சு. பொய்யின்னு தெரியாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு வாரம் போயிருப்பேன் போல."

செவ்வாய்க்கிழமை பிச்சைமுத்து மார்க்கெட்டுக்குப் போகவில்லை. ஆறரை மணிக்கு வேன் ஹாரன் அடித்தது. பத்துமலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். காளியம்மா காலைப் பிடித்தாள். கமுந்திங்கிலிருந்து மகள் புனிதா போனில் அழுதாள். அவன் அசையவில்லை. பிச்சைமுத்துதான் கீழே இறங்கிப் போனான்.

"எங்க அண்ணே அவரு?" வேன் ஓட்டுகிற தேவன் கேட்டான்.

"இன்னிக்கு வரல."

"அப்ப வியாழன்?"

"வந்து பாரு."

வியாழனும் வந்து பார்த்தான். சனிக்கிழமை ஹாரன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிச்சைமுத்து ஏறி வந்தபோது பத்துமலையின் முகம் ஊதிப் பளபளவென்றிருந்தது. மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றது.

"சொல்லுடா ஏதாச்சும்."

"படம் போடவா?"

"வேணாம். பாக்கறதச் சொல்லு."

பிச்சைமுத்து ஜன்னலைப் பார்த்தான். எதிர் பிளாட்டில் ஒரு சீனப் பொம்பளை துணி காயப் போடுகிறாள் என்றான். கீழே ஒரு லாரி நிற்கிறது என்றான்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லடா. லாரி நிக்குது."