கல்யாணில் இறங்காதவள்

புஸ்தகம் வெளிவந்துவிட்டால் நிம்மதி என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ! மெட்ராஸிலிருந்து பார்சல் வந்த நாள் முதல் அகிலாண்டத்துக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அவளுடைய முதல் நாவல். "பம்பாய்ப் பக்கம் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரு கார்டு எழுதிப் போட்டு, ஐம்பது பிரதிகளை ரயிலில் ஏற்றிவிட்டுப் பதிப்பகத்தார் கைகழுவிவிட்டார்கள். மாதுங்கா வீட்டில் கட்டிலுக்கடியில் அவை கிடந்தன. கணவர் வெங்கடராமன், ரயில்வே குமாஸ்தா, தம் பங்குக்கு இரண்டைக் கடைத்தெருவில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"கடைக்காரன் பஞ்சாங்கத்துக்கு அடியிலே வெச்சுட்டான். இனிமே அம்பாள் விட்ட வழி," என்று சொல்லிப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அம்பாள் விட்ட வழி நவராத்திரியாக வந்தது. யுத்தம் முடிந்த வருஷம். ரேஷன் கடலையில் சுண்டல் அளவு குறைந்திருந்ததே தவிர, கொலுவுக்கு வந்தவளைப் பாட வைக்காமல் அனுப்புகிற வழக்கம் மட்டும் மாதுங்காவில் இல்லை. அகிலாண்டத்தின் சாரீரமோ ஊரறிந்த சங்கதி. முதல் நாள் பாடச் சொல்லிப் பிடித்துக்கொண்டபோது, பையிலிருந்து நாவலை எடுத்தாள்.

"பாட்டு வேண்டாம் மாமி. ஒரு அத்தியாயம் வாசிக்கறேன்."

சிரித்தார்கள். அப்புறம் சுண்டல் ஆறினது தெரியாமல் கேட்டார்கள். நல்ல கட்டத்தில் டக்கென்று நிறுத்தினாள், கெட்டிக்காரி! மறுநாள் அடுத்த வீட்டில் அடுத்த அத்தியாயம்; கூட்டம் இரட்டித்தது. காத்திருக்கப் பொறுக்காதவர்கள் வீட்டுக்கே வந்து புஸ்தகம் வாங்கிப்போனார்கள். ஏழு நாளில் கட்டிலுக்கடியில் பாதி காலி. காய்கறி மார்க்கெட் வாசலில்கூட இரண்டு பேர் அவளை நிறுத்தி, "மைதிலி என்ன ஆனாள்?" என்று கேட்டார்கள்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லையே. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் அவள். நாவலின் கதாநாயகி மைதிலி வேறு யாருமல்ல, பக்கத்து வீட்டு வாலாம்பாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஒரு வயசுக் குழந்தை அம்மிணியைக் கீழ்வீட்டில் விட்டு, கோவிலுக்கு என்று சொல்லிக் கிளம்பிய வாலாம்பாள், வி.டி. ஸ்டேஷனுக்குப் போய் மெட்ராஸ் மெயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கல்யாண் வரை போனாள். அங்கே இறங்கி, லோக்கல் பிடித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பிவிட்டாள். புருஷன் அனந்தகிருஷ்ணனுக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது ஒரே ஒரு ஜீவனிடம் சொன்னாள். அந்த ஜீவன் அதை நாவலாக எழுதி அச்சுப் போட்டுவிட்டது!

எழுதும்போது புருஷனை வக்கீலாக்கினாள், பெண் குழந்தையை ஆணாக்கினாள், மூக்குத்தியைக்கூடக் கழற்றினாள். கல்யாண் ஸ்டேஷனை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. வாலாம்பாள் பாலக்காட்டுக்காரி, பேச்சுத் தமிழ், படிப்பு மலையாளம். கான்வென்டில் படிக்கிற அம்மிணிக்கும் தமிழ் எழுத்து ஓடாது. எப்படித் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டாள். வாய்விட்டு வாசிக்கப்போவது தானேதான் என்று அப்போது அவள் கண்டாளா?

எட்டாம் நாள், மைதிலி ரயிலில் ஏறி உட்கார்ந்த இடத்தில் நிறுத்தினாள்.

"பெத்த கொழந்தையை விட்டுட்டுப் போவாளோ ஒருத்தி? ராட்சஸி!" என்றாள் ஒரு மாமி.

வாலாம்பாள் சுண்டலை மென்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும்போது மாடிப்படியில், தன் வீட்டுப் பூஜைக்கு வாழையிலை கிடைக்குமா என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

மறுநாள் சரஸ்வதி பூஜை. வாலாம்பாள் வீட்டுக் கொலுவில் புஸ்தக அடுக்கின் உச்சியில் அந்த நாவல், சந்தனம் குங்குமத்தோடு. பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது, எவரும் எதையும் வாசிக்கக்கூடாது. பிழைத்தோம் என்று அகிலாண்டம் எழுந்தாள்.

"நாளைக்குக் காலம்பற வந்துடு அகிலா," என்றாள் வாலாம்பாள். "விஜயதசமிக்கு எடுத்த புஸ்தகத்தை வாசிச்சே ஆகணும். எழுதினவளே வாசிக்கட்டும். எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன்."

அன்று பகல் முழுக்க அகிலாண்டம் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். வாசிக்கும்போது மாற்றிச் சொல்லி, மைதிலியைக் கல்யாணிலேயே இறக்கிவிட்டால் என்ன? முடியாது. பாதிப் பெண்கள் கையில் புஸ்தகம் இருந்தது. வீடுவீடாகப் போய் வாசித்துக் காட்டி விற்றவள் யார்?

காலையில் கூடம் நிறைந்திருந்தது. பக்கத்து அறையில் அனந்தகிருஷ்ணன் இங்கிலீஷ் பேப்பரில் இருந்தார். வாலாம்பாள் புஸ்தகத்தைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள். அகிலாண்டம் வாசித்தாள். வண்டி கல்யாணில் நிற்கிறது. மைதிலி எழுந்து வாசல் வரை வருகிறாள். திரும்பிப் போய் உட்காருகிறாள். வண்டி புறப்படுகிறது. ஜன்னலில் காற்று வீச, எத்தனையோ வருஷம் கழித்து அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

கூடத்தில் ஒரே அமர்க்களம். அபசாரம் என்றாள் ஒருத்தி. போனால் போகட்டுமே, அவளும் மனுஷிதானே என்றாள் இன்னொருத்தி. வாலாம்பாள் காபி கலக்க எழுந்து போனாள். அகிலாண்டம் பின்னாலேயே ஓடினாள்.

"வாலா, நான் பண்ணினது துரோகம். உன்னைக் கேக்காம எழுதிட்டேன். மன்னிச்சுக்கோ."

"அவ நான்தான்னு யாருக்கும் மனசிலாகலை. அது போட்டும்." வாலாம்பாள் டிகாக்‌ஷனை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அன்னிக்கு மாடியிலே நான் சொன்னப்போ நீ என்ன சொன்னாய், ஓர்மை இருக்கா?"

அகிலாண்டம் பாலை அடுப்பிலிருந்து இறக்கினாள். வாலாம்பாளே சொன்னாள்:

"நல்ல வேளை, எறங்கினாயேன்னு சொன்னாய். என் கையைப் பிடிச்சிண்டு சொன்னாய். அம்பாள் காப்பாத்தினாள்னு சொன்னாய். நானும் பத்து வருஷமா அதையே எனக்குச் சொல்லிண்டிருக்கேன். நீ அவளை எறக்கலையே அகிலா."

"அது கதை, வாலா."

"கதையாக்கும்." வாலாம்பாள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அவளுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லியிருக்கப்படாதா நீ?"

இருபத்திரண்டு அத்தியாயம் எழுதியவளுக்கு அழுகைதான் வந்தது. கூடத்திலிருந்து, "அகிலா, அடுத்த அத்தியாயம்!" என்று குரல் கொடுத்தார்கள்.

வாலாம்பாள் டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போய் வாசி," என்றாள். "அவ எங்கே போய்ச் சேர்ந்தாள்னு நானும் கேக்கணும்."