காய்ச்சல் விட்ட பிறகு

மகள் மேனுகாவின் காலில் முள் குத்தியதை யசோதினி பெரிதாக எடுக்கவில்லை. அவர்களின் ஊரான கரடியனாற்றில் எந்தப் பிள்ளையின் காலில்தான் முள் குத்தவில்லை? கால் வீங்கிக் காய்ச்சல் ஏறி, அந்த ஐந்து வயதுப் பிள்ளை தாயையே யாரென்று கேட்டபோதுதான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"புண்ணால போன கிருமி ரத்தத்தில கலந்திட்டு அம்மா. முதல் குடுத்த மருந்துக்கு அது கேக்கல்ல. வேற மருந்து ஏத்துறம்," என்றார் டொக்டர்.

"ஓம்," என்றாள் யசோதினி. அழுகை வரவில்லை. அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து டொக்டர் திரும்பவும் சொன்னார். அவளும் திரும்ப "ஓம்" என்றாள்.

அடுத்த கட்டிலில் ஏறாவூர் பஹீமாவின் கைக்குழந்தை. அதற்கும் இரத்தத்தில் கிருமிதான். பஹீமா தன் குழந்தைக்காக அழுவாள், மேனுகாவுக்காகவும் அழுவாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரிப்பாள்.

"தின்னுங்க தங்கச்சி. நீங்க விழுந்தா புள்ளைய ஆரு பாக்கிற?"

யசோதினி தின்பாள். என்ன கறி என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திராது.

ஒரு நாள் காலையில் தாதிமார் ஓடிவந்து அந்தக் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். பஹீமா வெறுங்காலுடன் பின்னால் ஓடினாள். பின்னேரம் அவளுடைய தம்பி ஸாஹிர் வந்து பையை எடுத்தான்.

"புள்ள எப்படித் தம்பி?"

"மவுத்தாகிட்டு, அக்கா. உசிர் போயிட்டு." அவன் பையைத் தோளில் மாட்டினான். "பஹீமா ராத்தா உங்கட புள்ளைய விசாரிச்சா."

யசோதினி குனிந்து, கட்டிலுக்கடியில் கிடந்த பஹீமாவின் செருப்பை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த நாள் விடிய மேனுகாவுக்கு வேர்த்தது. காய்ச்சல் விட்டது. விசுக்கோத்து கேட்டாள். பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்யும் கணவன் தனோஜனுக்கு யசோதினி போன் எடுத்துச் சொன்னாள். அவன் விம்மி விம்மி அழுதான்.

"ஏன் புள்ள ஒண்டும் பேசாம இரிக்காய்?"

"பேசிறன்தானே. வரக்குள்ள அவளுக்கு ஒரு சட்டை கொண்டு வாங்க."

பஹீமாவின் கட்டிலுக்கு அன்று பின்னேரம் வேறொரு பிள்ளை வந்தது. அதன் தாய் யசோதினியிடம் கேட்டாள்.

"உங்கட மகளுக்கு என்ன அக்கா?"

"ரத்தத்தில கிருமி."

"இப்ப?"

"சுகம்."

அந்தப் பெண் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யசோதினி கையை இழுத்துக்கொள்ளவில்லை. சேலைன் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.