கூரை நிறைய வெயில்

களுவாஞ்சிக்குடியில் சோலர் மின்தட்டுகள் பூட்டும் கடையொன்றில் வினோஜன் ஆறு வருடமாக வேலை பார்க்கிறான். பெரியகல்லாற்றில் தங்கராசா வீட்டுக் கூரையில் தட்டுகளைப் பூட்டியதும் அவன்தான். தங்கராசா வாவியில் வலை போடுகிறவர். அவருடைய மனைவி கண்ணகைக்கு நுரையீரல் கெட்டு, இரண்டு வருடமாக மூச்சுக்கு ஒட்சிசன் கொடுக்கும் இயந்திரத்தோடுதான் சீவியம். மின்சாரம் நின்றால் அம்மா மூச்சுக்குத் தவிப்பாளே என்று, கட்டாரில் இருக்கும் மகன்தான் சோலர் போடச் சொன்னான்.

வேலை முடிந்த அன்று கண்ணகை கட்டிலில் சாய்ந்தபடி வினோஜனிடம் கேட்டாள்.

"இனிக் கறண்ட் போனாலும் பயமில்லையா மகன்?"

வினோஜன் ஏணியை மடித்துக்கொண்டிருந்தான். சாப்பிட நேரமில்லை, இன்னொரு வீட்டு வேலை கிடந்தது.

"வெயில் இரிக்கும் வரைக்கும் ஒரு பயமும் இல்ல மாமி."

அது சரியில்லை என்று அவனுக்குத் தெரியும். விளக்கிச் சொல்ல அலுப்பும் பஞ்சியுமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பேச்சை நம்பி, அவசரத்துக்கென்று வைத்திருந்த ஒட்சிசன் சிலிண்டரைத் தங்கராசா இன்னொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்.

பங்குனியில் ஒருநாள் முற்பகல் பதினொரு மணியளவில், தெருவோரத்து மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. வினோஜனுக்குத் தங்கராசாவின் அழைப்பு வந்தது.

"தம்பி, மெசின் நிண்டுட்டு. ஏன் சோலர் வேலை செய்யுதில்ல?"

"தெரு லைனில கறண்ட் போனா அதுவும் நிண்டிரும் மாமா."

"கூரை நிறைய வெயில் எரியுது மகன்!"

"நான் மெசின ஓட்ட இன்வேர்ட்டர் பூட்டின பற்றரி கொண்டு வாறன். கொஞ்சம் பொறுங்க, பதினஞ்சு நிமிசம்."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் அவனுக்கு அது தோன்றவில்லை. கடையின் பின்னறையிலிருந்து பற்றரியை இழுத்தெடுத்து மோட்டார் சைக்கிளில் கட்டி முடிக்கவே அந்தப் பதினைந்து நிமிடமும் போய்விட்டது.

பெரியகல்லாற்றுக்குப் போகும் வழியில், ஓந்தாச்சிமடப் பாலத்தில் ஒரு ஓட்டோ எதிரே வந்தது. பொறுக்க முடியாமல் தங்கராசா மனைவியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு புறப்பட்டிருந்தார். வினோஜன் கையைக் காட்டினான். ஓட்டோ நிற்கவில்லை. அவர் மடியில் கண்ணகையின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியதை அவன் கண்டான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

எட்டாம் நாள் வினோஜன் அந்த வீட்டுக்குப் போனான். அடித்தால் வாங்கிக்கொள்வதென்றுதான் போனான். தங்கராசா கதிரையைக் காட்டினார்.

"இந்தச் சோலர் எப்பிடி வேலை செய்யுதெண்டு எனக்கு விளங்கச் சொல்லு."

"வெயில் பட்டாத் தட்டில கறண்ட் வரும் மாமா. அது பற்றரிக் கறண்ட் மாதிரி ஒரே பக்கமா ஓடும். வீட்டுச் சாமானுக்கு ஒத்துவராது. சுவரில இரிக்கிற இன்வேர்ட்டர்தான் அத மாத்திக் குடுக்கும். அது தெருக் கம்பியில வாற கறண்டப் பாத்து, அதோட சேந்துதான் ஓடும். கம்பியில கறண்ட் இல்லாட்டித் தானா நிண்டிரும்."

"ஏன் நிக்கவேணும்?"

"அறுந்த கம்பியத் திருத்த ஆள் ஏறுவான். எங்கட கறண்ட் கம்பியில போனா அவன் செத்துப்போவான். அதுக்காகத்தான். பற்றரியோட ஓடுற வேற இன்வேர்ட்டர் வச்சு, வீட்டை லைனில இருந்து பிரிக்கிற சுவிச்சும் பூட்டியிருந்தா மெசின் ஓடியிரிக்கும்."

தங்கராசா சுவரில் இருந்த இன்வேர்ட்டரைப் பார்த்தார்.

"அண்டைக்கே இதச் சொல்லியிருந்தா, நான் சிலிண்டரக் குடுத்திரிக்க மாட்டன்."

"ஓம் மாமா."

"அண்டைக்குக் கம்பியில ஏறினவனுக்கு ஒண்டும் நடக்கல்லயே?"

"இல்ல."

அவர் தலையை ஆட்டினார். பிறகு தோளில் கிடந்த துவாய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வராமல் அழத் தொடங்கினார். வினோஜனுக்கு அவரைத் தொடக் கை வரவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை.