தடுப்புக்கட்டை வைக்காத காடி

அலமாரிக்காரர் ஒரு பலகையில் போட்ட காடி, பலகை முடிந்த பிறகும் நிற்கவில்லை. மேசையைக் கடந்து, மேசைக்காலில் இறங்கி, பட்டறையின் சிமெண்ட் தரையில் ஓடி, மறுநாள் காலையில் வாசற்படியையும் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. அகலம் இம்மியும் மாறவில்லை. இரண்டு ஓரமும் நூல் பிடித்த மாதிரி இருந்தன. சிமெண்டை வெட்டிய இடத்திலும் மரத்தூள்தான் கொட்டிக் கிடந்தது. தெருக்காரர்கள் குனிந்து பார்த்தார்கள், ஆச்சரியப்பட்டவர்கள் குறைவு. இது எங்கே போகிறது, யாரைத் தேடிப் போகிறது என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. நம் தெரு அப்படி. வானமே இடிந்து விழுந்தாலும், முதலில் யார் வீட்டு மேலே விழுந்தது என்று கேட்டுவிட்டுத்தான் ஓடுவோம்.

காடி என்பது பெரிய சங்கதி இல்லை. அலமாரித் தட்டு செருகி நிற்பதற்காகப் பக்கப் பலகையில் வெட்டும் பள்ளம், அவ்வளவுதான். ரவுட்டர் மெஷினில் நேர்ப் பிட்டு என்கிற வெட்டுமுனையைப் பூட்டித் தள்ளினால் விழும். ஆனால் காடி முன்விளிம்புவரை ஓடிவிட்டால் அலமாரியின் முகத்தில் ஓட்டைப் பல் மாதிரித் தெரியும். அதனால் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு கட்டையை இறுக்கி வைப்பார்கள். மெஷின் அதில் முட்டி நிற்கும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தடுப்புக்கட்டையை மறக்காத மனிதர், அன்று மறந்துவிட்டார்.

அலமாரி யாருக்கு என்று கேட்டால்தான் விஷயம் சூடு பிடிக்கும். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் தையல்காரிக்கு. அதற்காக அவர் புதுப் பிட்டு வேறு வாங்கினார். கடையில் ஒரு காலைப்பொழுது முழுக்க நின்று பொறுக்கினாராம். மெஷினுக்குள் பூட்டும் காம்பு மெல்லிசாக இருந்தால் உதறும் என்று தடித்த காம்பாகப் பார்த்தார். ஒற்றை அலகு வேகமாக ஓடினாலும் சுவரைச் சொரசொரப்பாக விடும் என்று இரட்டை அலகு கேட்டார். தேவைக்கு மேல் நீண்ட பிட்டு ஆடும் என்று குட்டையாக எடுத்தார். பதினெட்டு மில்லிமீட்டர் என்று விற்கிற பிளைவுட் ஒருநாளும் பதினெட்டு இருக்காது, அதனால் அளவில் ஒரு படி குறைத்து வாங்கினார். இரண்டு தடவை ஓட்டினால் தட்டுக்குச் சரியாக வந்துவிடும். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். பட்டறையில் பாலிஷ் வேலை முழுவதும் அவளுடையது, பழைய பிட்டின் லட்சணம் அவளுக்கும் தெரியும்.

"ஊருக்கெல்லாம் பழைய பிட்டு, அவளுக்கு மட்டும் புதுசா?"

"பழசு மழுங்கிப் போச்சு. மரத்தை வெட்டாம கருக்குது. நீதானே தேய்ச்சுத் தேய்ச்சு கை நோகுதுன்னே?"

"கட்டையை வைக்க மறந்தீங்களே, அப்ப மனசு எங்க இருந்துச்சு?"

அதற்கு மட்டும் அவர் கேட்டவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வையை எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஓவர்சியரும் பார்த்தார், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

காடி அவசரப்படவில்லை. நல்ல வேலைக்காரன் மாதிரி முதலில் மேலாகக் கீறிக்கொண்டு போகும். பிறகு திரும்பி வந்து ஆழம் இறக்கும். மண்ணில் நடந்தது, கருங்கல்லில் ஊர்ந்தது. முடிதிருத்தும் கடைக்குள் போனபோது கடைக்காரர் தன் பங்காளியைச் சந்தேகப்பட்டார். மாவு மில்லைக் கடந்தபோது மில்காரர் பூட்டை மாற்றினார். ஓவர்சியர் ஒருநாள் பட்டறை மேசையிலிருந்து நூலைக் கட்டி, காடியோடு ஒட்டி, அது முடிந்த இடத்துக்கு அப்பாலும் அதே நேருக்கு இழுத்துக்கொண்டே போய், தையல்காரி வீட்டு வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். நெருப்பில்லாமல் புகையாது என்றார்கள். அன்றைக்கே அலமாரிக்காரர் மனைவி ஒரு பையில் துணிமணிகளை அடுக்கி வாசல் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

"அது அவ வீட்ல போய் நின்னுச்சுன்னா, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

அவர் பையைப் பார்த்தார். "தங்கச்சி வீட்டுக்கா?" என்று மட்டும் கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் பேசினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காடி தையல்காரியின் முன்னறைக்குள் நுழைந்து, தையல் மெஷினுக்கு அடியில் அசையாமல் கிடந்தது. செய்தி வந்ததும் மனைவி பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அலமாரிக்காரர் தடுக்கவில்லை, பட்டறைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தெருமுனையை எட்டுவதற்குள் தையல்காரி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, நில்லுங்க! அது என் வீட்ல நிக்கலை. பின்சுவத்தைக் குடைஞ்சுக்கிட்டுப் போயிடுச்சு. எனக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டு அது பாட்டுக்குப் போகுது. வந்து பாருங்க!"

அவள் போய்ப் பார்த்தாள். பின்சுவரில் காடி ஏறியிருந்தது, அந்தப் பக்கம் புதுத் தூள் பறந்தது. பின்னாலேயே வந்த ஓவர்சியர் நூலை நீட்டிப் பார்த்து, "அடடே, ஆஸ்பத்திரிக்குப் போகுது" என்றார். எந்த நர்ஸ் என்ற ஆராய்ச்சி அங்கேயே தொடங்கிவிட்டது. அலமாரிக்காரர் மனைவியின் முகம் மட்டும் வெளுத்துப்போனது. பையோடு வீட்டுக்குத் திரும்பினாள். அதன் பிறகு தினமும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

காடி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, சீட்டு கொடுக்கும் ஜன்னலைத் தாண்டி, சோதனைக்கூடத்துக்கு வெளியே சுவரோரமாகக் கிடந்த பெஞ்சின் அடியில் போய் நின்றது. நேர்ப் பிட்டு நிற்கும் இடத்தில் விழுகிற அரைவட்ட முனை சுத்தமாக விழுந்திருந்தது. அலமாரிக்காரரும் அவளும் ஆளுக்கொரு வழியாக அங்கே வந்து சேர்ந்தார்கள். காடி விழுந்த அன்றைக்கு அந்தப் பெஞ்சில், அந்த ஓரத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அன்னைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனே" என்றார் அவர். "நீ போன கொஞ்ச நேரத்துல உன் தங்கச்சியே பட்டறைக்கு வந்து, அக்கா எங்கன்னு கேட்டா. எங்க போயிருப்பே, யாரைப் பார்க்கப் போயிருப்பேன்னு யோசிச்சுக்கிட்டே மெஷினைத் தள்ளினேன். கட்டை வைக்கலை."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமில்ல?"

"பயமா இருந்துச்சு."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "மார்புல ஒரு கட்டி. இன்னொரு சோதனைக்கு வரச் சொன்னாங்க. எனக்கும் பயம்தான், வரவேயில்லை" என்றாள். அவர் அவள் தோளிலிருந்த கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவளை அந்தப் பெஞ்சிலேயே உட்காரவைத்து, உள்ளே பேர் கொடுத்தார்.

கட்டியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். முடி கொட்டி மறுபடி முளைத்தது, முன்னைவிடச் சுருட்டையாக. தையல்காரியின் அலமாரி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது, ஆனால் தட்டுகள் இன்றைக்கும் அசையவில்லை. காடியைச் சிமெண்ட் போட்டு அடைத்துப் பார்த்தார்கள், மறுநாள் அந்தச் சிமெண்டும் மரத்தூளாக ஓரத்தில் கிடந்தது. பிறகு விட்டுவிட்டார்கள். மழைத் தண்ணீர் அதில் ஒழுங்காக வடிகிறது. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால் இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை, காடியைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள்.

பட்டறையில் இப்போதும் அவள்தான் பாலிஷ் போடுகிறாள். அவர் பிட்டை மாட்டும்போதெல்லாம், "கட்டை வச்சாச்சா?" என்று அதட்டுவாள். வெளியே கிளம்பினால் எங்கே போகிறாள் என்று வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டுப் போவாள். அதைக் கேட்ட பிறகுதான் அவர் மெஷினைப் போடுகிறார்.