தேயாத பலகை

ஐகிலின் மூக்கு டென்மார்க்கின் ஜட்லாந்து முழுக்கப் பிரசித்தம். பழைய மேசையின் இழுப்பறையைத் திறந்து ஒரு தரம் முகர்ந்தால் போதும். மரம் எந்தக் காட்டில் வளர்ந்தது, செய்த தச்சன் அன்று காலை என்ன மீன் தின்றான் என்பது வரை சொல்லிவிடுவான். தச்சன் செத்து நூறு வருஷம் ஆகியிருக்கும் என்பதால் யாரும் மறுத்ததில்லை.

அவனுக்கும் வால்பொர்க்குக்கும் ஆகாது. இருவருக்கும் பழம்பொருள் வியாபாரம். சந்தையில் படகுத்துறையை ஒட்டிய நல்ல இடம் அவளுடையது. பன்றிப்பட்டியிலிருந்து எண்ணினால் இரண்டாவது இடம் இவனுடையது. போலி விற்றால் இடம் பறிபோகும், வீண்பழி சொன்னாலும் பறிபோகும் என்பது சந்தைச் சட்டம். அவளுடைய இடத்தின் மேல் ஐகிலுக்கு வெகுநாளாகக் கண்.

அன்று அவள் மேசையில் ஓர் உருட்டுப்பலகை இருந்தது. ஈரத்துணியை உருளையில் சுற்றி, சுருக்கம் போக மேலே வைத்து அழுத்தி உருட்டும் பலகை. குதிரைக் கைப்பிடி, இரண்டு பேரின் முதலெழுத்து, 1871. அந்தக் காலத்தில் பெண் கேட்கப் போகிறவன் தன் கையாலேயே செதுக்கிக் கொண்டுபோவான். அந்தப் பெண் வாங்கிக்கொண்டால் கல்யாணம்.

ஐகில் பலகையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினான்.

"வாங்க வந்தவங்களே, கேட்டுக்குங்க! பூவேலையப் பாத்து மயங்காதீங்க. முதல்ல கவுத்துப் பாருங்க. வாள் பட்ட தடம் ஒரே சீரா இருந்தா மெஷின் வேலை. பூச்சி ஓட்டைக்குள்ள ஊசிய விடுங்க, நேரா போச்சுன்னா துரப்பணம். நிஜப் பூச்சி வளைஞ்சு வளைஞ்சுதான் தின்னும்."

"இதுல எப்படி இருக்கு, மூக்கா?" என்றாள் வால்பொர்க்.

"அதெல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்கே. ஆனா அடிப்பக்கத்தப் பாருங்க! ஒரு தேய்மானம் இல்ல. துணி உருட்டாத உருட்டுப்பலகையா? போலி! கடையக் காலி பண்ணு, கெழவி!"

சந்தைத் தலைவர் வந்துவிட்டார். வால்பொர்க் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"பொண்ணு வேணாம்னுட்டா பலகைய என்ன பண்ணுவாங்க, ஐகில்?"

"வேற பொண்ணுக்குக் குடுக்க முடியாது. மூலையில கெடக்கும்."

"துணி உருட்டுவாங்களா?"

"பைத்தியமா? வேணாம்னவளுக்காகச் செஞ்சதுல எவன் பொண்டாட்டி துணி..."

வால்பொர்க் பைப்பால் பலகையைத் தட்டிக் காட்டினாள்.

"எழுத்தப் படி. ஸெ. லு., கி. மோ. ஸெரன் லுண்ட் உங்க தாத்தா. கிர்ஸ்டினே மோல்கோர் எங்க பாட்டி. பொண்ணு கேட்டு வந்தவர எங்க பாட்டி நாய அவுத்துவிட்டு வெரட்டுன கதைய இந்த ஊருல கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லிச் சிரிக்கிறாங்க. போன வசந்தத்துல பரண ஒழிச்சு, பெட்டியக்கூடப் பிரிக்காம எங்கிட்ட வித்தியே, அதுல இருந்துச்சு. உன் வீட்டுப் பொருளையே உனக்கு அடையாளம் தெரியல. நீ ஊருக்குப் புத்தி சொல்றே!"

பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்ட மீன்காரன் சாட்சி சொன்னான். கூட்டம் சிரித்த சிரிப்பில் துறையிலிருந்த கடற்பறவைகள் ஸ்வீடன் பக்கம் போய்விட்டன. சில இன்னும் திரும்பவில்லை.

"வித்துரு, வாங்கிக்கறேன்" என்றான் ஐகில், குரல் இறங்கி.

"ஒனக்கு மட்டும் கெடையாது. போய் பன்னிகூட வியாபாரம் பண்ணு."

வீண்பழிக்கு இடம் பறிபோய், இப்போது அவன் கடை பன்றிப்பட்டியை ஒட்டித்தான். அங்கேயும் ஆட்கள் யோசனை கேட்டு வருகிறார்கள். வாள் தடம், பூச்சி ஓட்டை எல்லாம் வரிசையாகச் சொல்லுவான். அடிப்பக்கம் வந்ததும் பல்லைக் கடிப்பான்.

"தேயலேன்னா உடனே கத்தாத. யாருக்காகச் செஞ்சாங்கன்னு மொதல்ல உன் வீட்டுல விசாரிச்சுட்டு வா. இப்ப கெளம்பு."