வரிசையின் கடைசிப் பால்

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு பால் சங்கத்தில், பாவாயி ஊற்றும் பாலுக்கு மாசி பிறந்ததிலிருந்து டிகிரி குறைந்துகொண்டே வந்தது. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தாள், கடலைக்கொடி போட்டாள். மாடு மினுமினுத்ததே தவிர டிகிரி ஏறவில்லை.

சங்கத்தில் பாலைச் சோதிக்க ஒரு மெஷின் உண்டு. ஒரு கரண்டிப் பால் வைத்தால் போதும், கெட்டியா தண்ணீரா என்று டிகிரிக் கணக்கில் சொல்லிவிடும். மெஷின் பொய் சொல்லாது என்று ஊரே நம்பியது. அப்படியென்றால் பொய் யாருடையது? "பாவாயி கேனுல வலை போட்டா கெண்டை சிக்கும்" என்று வரிசையில் நின்ற செல்லியம்மாள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பாவாயியும் கூடச் சிரித்துவைத்தாள். அழுதது வீட்டுக்குப் போய்த்தான்.

செயலாளர் சின்னுசாமி கெட்டவர் இல்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. திங்கட்கிழமையும் குறைந்தால் இனிப் பால் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். தனியார் பால் வண்டிக்காரன் வாசலுக்கே வந்து, சோதிக்காமல் எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

"வேண்டாஞ்சாமி. உனக்கு ஊத்துனா, நான் தண்ணி கலந்தது நெசம்னு ஆயிரும்" என்று அனுப்பிவிட்டாள்.

அந்த வாரம்தான் மெஷினுக்கு சர்வீஸ் செய்ய வருகிறவர்கள், அது எந்த நேரத்தில் எத்தனை தடவை ஓடுகிறது, எப்போது கழுவப்படுகிறது என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். எல்லாம் மெஷினுக்குள்ளேயே பதிவாகி இருந்தது. ஆனால் சங்கத்தில் எதையும் உறுப்பினர் எண்படி எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். எண்ணைப் பார்த்தால் ஆள் தெரியும், நேரம் தெரியுமா? கணினியில் வேலை செய்யும் தனப்பிரியா முதல் தடவையாக அத்தனையையும் கடிகாரப்படி அடுக்கினாள். அடுக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

காலை ஆறு மணிப் பால் எல்லாம் கெட்டி. ஏழு மணியைத் தாண்டியது எல்லாம் தண்ணீர். யார் ஊற்றினாலும் அப்படித்தான். மாசி பிறந்ததிலிருந்து மெஷினைக் கழுவியதோ விடிந்ததும் ஒரே தடவை. நூறு பேர் பாலின் ஆடை உள்ளே படிந்துகொண்டே போயிருக்கிறது. பாவாயி வீடு காட்டுக்குள்ளே, நடந்து வந்து சேர்வதற்குள் வரிசை முடியும் நேரமாகிவிடும். அவளைப் போலக் கடைசியில் நின்றவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள். தன் அவமானத்தை யார் ஊருக்குச் சொல்வார்கள்? ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் சங்கத்துக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

தனப்பிரியா தாளைக் காட்ட, திங்கட்கிழமை சின்னுசாமி தம் வீட்டுப் பாலை முதலில் வைத்தார். இருபத்தெட்டு. அதே பாலில் கொஞ்சம் தனியே வைத்திருந்து, வரிசை முடிகிற நேரத்தில் மறுபடி வைத்தார். இருபத்து நாலு.

"ஏனுங்க, நீங்களும் கெணத்துப் பக்கம் போய்ட்டு வந்தீங்களா?" என்று செல்லியம்மாள் கேட்டாள். இந்தத் தடவை சின்னுசாமி சிரித்துவைத்தார்.

மெஷினைக் கழுவி, பாவாயியின் பாலை வைத்தார்கள். இருபத்தொன்பது. பாவாயி தனப்பிரியாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்கூட்டுப் பாலை விட உங்களுது கெட்டிங்கக்கா" என்றார் சின்னுசாமி. பிறகு குரல் தணிந்து, "நீங்களும் ஊத்தாம நின்னு போயிருந்தா கடைசி நேரத்துக் கணக்கே எங்ககிட்ட இருந்திருக்காது. சங்கம் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்குதுங்க" என்றார்.

இப்போது இருபத்தைந்து கேனுக்கு ஒரு தடவை மெஷினைக் கழுவுகிறார்கள். வாரா வாரம் தனப்பிரியா கடிகாரப்படி அடுக்கிய தாளைச் சுவரில் ஒட்டுகிறாள். சின்னுசாமி வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார், சங்கத்தை விட்டுப் போனவர்களில் எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள்.

செல்லியம்மாள் தினமும் வரிசையில் தனக்கு முன்னால் ஒரு கல்லை வைத்து, பாவாயிக்கு இடம் பிடிக்கிறாள். பாவாயி வந்ததும் கல்லைச் சிரித்தபடி எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, கடைசிக்கே போய் நின்றுகொள்கிறாள்.

"கடைசிப் பாலும் நல்லாருக்குதான்னு யாராச்சும் பாக்கோணுமில்ல சாமி."