தோற்றால் லாபம்

அமெரிக்கன் ஃபுட்பால் பருவத்தின் கடைசி லீக் ஆட்டத்தன்று காலை ஒன்பது மணிக்கே நானும் கஸ் மிஹாலெக்கும் மைதானத்துக்கு வெளியே, கார்கள் நிறுத்தும் திடலில் ஆட்டத்துக்கு முன்னால் சமைத்துச் சாப்பிட அடுப்பைப் பற்றவைத்துவிட்டோம். இருபத்திரண்டு வருடமாக அதே இடம், அதே மடக்கு நாற்காலிகள். உள்ளே போனால் ஐந்தாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கஸ் தபால்காரன். நான் நகராட்சிக்குப் பனி வாரும் லாரி ஓட்டுகிறேன். ஈரி ஏரியிலிருந்து அடித்த காற்றில் அடுப்பு நாலு தடவை அணைந்தது. நாலு தடவையும் நான் திட்டினேன்.

"இன்னிக்கு நாம தோத்துடணும்," என்றான் கஸ், சாசேஜைத் திருப்பிக்கொண்டே.

"வாயைக் கழுவுய்யா."

"கணக்கைப் பாரு ஸ்டான். ஜெயிச்சா ஆறாவது இடம். அடுத்த வாரம் அந்த மலைக்காரனுங்க ஊருக்குப் போகணும். அக்டோபர்ல முப்பத்தொரு பாயின்ட் வித்தியாசத்துல நம்மளத் தோலை உரிச்சு அனுப்புனானுங்களே, அவனுங்கதான். தோத்தா ஏழாவது இடம். தெற்கே போறோம். அங்க பந்து எறியிறவன் தோள் எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டிருக்கான். எது நல்லது, சொல்லு?"

அவன் சொன்னது சரிதான். எரிச்சலே அதுதான். எங்களுக்கும் இன்று எங்களோடு மோத வந்தவர்களுக்கும் ப்ளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றின் ஏழு இடங்களில் ஒன்று ஏற்கெனவே உறுதி. யார் ஆறு, யார் ஏழு என்பதுதான் பாக்கி. இரண்டு பேருக்கும் ஏழுதான் வேண்டும். தோற்பதற்குப் போட்டி போட இரண்டு அணிகள் வந்திருந்தன.

"முன்னாடி மாதிரி ப்ளேஆஃபுக்கு ஆறே டீமுன்னு வெச்சிருந்தா இன்னிக்கு ஜெயிச்சவன் உள்ள, தோத்தவன் வீட்டுக்கு," என்றேன். "இந்தத் திடல்ல காலு வைக்க இடம் இருந்திருக்காது. இப்பப் பாரு, பாதி காலி. செப்டம்பர்லருந்து பதினாறு ஆட்டம் எதுக்கு ஆடினாங்க? எலும்பை ஒடிச்சுக்கவா?"

"ஆறே டீமுன்னு இருந்திருந்தா நீ நவம்பர்லயே கைகழுவியிருப்ப. வரிசையா நாலு ஆட்டம் தோத்தப்ப 'ஏழாவது இடம் இன்னும் இருக்குடா'ன்னு ஃபோன் பண்ணது யாரு? என் பொண்டாட்டியா?"

நான்தான். சனிக்கிழமை முழுக்கச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கஸ் போட்ட அதே கணக்கை நானும் போட்டிருந்தேன். அதே விடைதான் வந்தது. "சரி, தோத்துத் தொலையட்டும்," என்றேன். பக்கத்துக் காரில் இருந்தவர்கள்கூட பீர் டப்பாவைத் தூக்கிக் காட்டினார்கள்.

பதினொன்றரைக்கு என் மகனிடமிருந்து செய்தி வந்தது. "அப்பா, முதல்லருந்தே நான்தான் ஆடறேன். இப்பதான் சொல்லலாம்னாங்க."

கோரிக்கு இருபத்தொன்பது வயது. பந்து எறிபவன், களத்தில் அணியை நடத்துகிறவன். ஆறு வருடத்தில் நாலு அணிகள் மாறி, இந்த வருடம்தான் சொந்த ஊர் அணிக்கே மாற்று ஆளாக வந்து சேர்ந்தான். ஆறு வருடமும் ஆட்டத் திட்டம் எழுதிய பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றிருக்கிறான். ஒரு ஆட்டத்தைக்கூட ஆரம்பித்ததில்லை. ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. இன்று அவன் ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் யாராவது கூப்பிடுவார்கள், இல்லையென்றால் கூப்பிட மாட்டார்கள். முக்கிய ஆட்டக்காரர்களுக்கு அடிபடக் கூடாது என்று கோச் ஓய்வு கொடுத்ததால் கிடைத்த வாய்ப்பு இது. கோச் ஜெயிக்கச் சொல்லி அனுப்பவில்லை. காயமில்லாமல் பொழுதைப் போக்கிவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

செய்தியைக் கஸிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"நல்லா ஆடட்டும்," என்றான். "நல்லா ஆடிட்டுத் தோக்கட்டும்."

அவனை அறையலாம் போலிருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் சொன்னதும் அதுதானே.

ஆட்டம் ஒரு மணிக்கு ஆரம்பித்தது. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் தடித்த கோட்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ சூடாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர் அணி பெஞ்சும் அப்படித்தான். அந்த விளங்காத ஆட்டத்தில் என் மகன் மட்டும் உயிரைக் கொடுத்து ஆடினான். இரண்டு தடவை அவனை மல்லாக்கச் சாய்த்தார்கள். எழுந்து உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றான். அந்தக் காற்றில், குறி தப்பாமல் நாற்பது கெஜத்துக்கு ஒரு பந்து எறிந்தான். சுற்றி நாலைந்து பேர் கைதட்டினார்கள். பின்னாலிருந்து ஒருத்தன், "இவனுக்கு யாராவது விஷயத்தைச் சொல்லுங்கப்பா," என்றான். சிரித்தார்கள். கஸ் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பி அவனை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

கடைசி இரண்டு நிமிடம். பத்துக்கு ஒன்பது, நாங்கள் ஒரே ஒரு பாயின்ட் பின்னால். கோரி பந்தைத் தன் பக்கத்துக் கோடியிலிருந்து நகர்த்திக் கொண்டுவந்து எதிரியின் பத்தொன்பதாவது கெஜக் கோட்டில் வைத்துவிட்டான். அங்கிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தாலே மூன்று பாயின்ட். உதைக்கிறவன் காலை நீட்டி மடக்கித் தயாராக நின்றான். கோச் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தை எறியாமல் ஓடுகிறவன் கையில் கொடுத்து நேராகக் கூட்டத்துக்குள் ஓடவிடு என்று கோரிக்குச் சொல்லிவிட்டார். பத்து கெஜம் நகர்த்தக் கிடைப்பது நாலு முயற்சி. மூன்று அப்படியே போயின. நான்காவதுதான் கடைசி. அதிலும் மீதி இரண்டு கெஜத்தைத் தாண்டாவிட்டால் பந்து அவர்களுக்கு, ஆட்டம் முடிந்தது.

மைதானமே ஒரே குரலில் கத்தியது. "ஓடு, ஓடு."

அப்போது கோரி நிமிர்ந்து ஐந்தாவது வரிசையைப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். இருபத்திரண்டு வருடமாக அந்த இருக்கையில் உட்கார்ந்து நடுவரையும் கோச்சையும் ஆண்டவனையும் திட்டியவன் நான். மனதின் ஒரு பக்கம் ஜெயிடா என்றது. இன்னொரு பக்கம் அந்த மலைக்கார அணியையும் முப்பத்தொரு பாயின்ட்டையும் நினைத்தது. வாய் திறக்கவில்லை.

கோரி பந்தை ஓடுகிறவன் கையில் கொடுத்தான். அவன் கூட்டத்துக்குள் போய் முட்டி அங்கேயே விழுந்தான். கடிகாரம் ஓடி முடிந்தது.

மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக என் மகனுக்குக் கிடைத்த கைதட்டல், தோற்றதற்காகக் கிடைத்தது. "எழுந்திரு ஸ்டான், உன் பையனுக்குத்தான்," என்று கஸ் என் தோளைத் தொட்டான். நான் எழுந்திருக்கவில்லை.

கோச் நிருபர்களிடம் காற்று எதிரே அடித்தது, அதனால் உதைக்கவில்லை என்று சொன்னாராம். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

நாலரை மணிக்கு, குளித்த தலை ஈரத்தோடு கோரி எங்கள் அடுப்புக்கு வந்தான். உதடு வீங்கியிருந்தது. கஸ் ஒரு சாசேஜை ரொட்டியில் வைத்து நீட்டினான். கோரி வாங்கிக்கொண்டான், கடிக்கவில்லை.

"நாலாவது முயற்சிக்கு முன்னாடி உன்னைப் பார்த்தேன்," என்றான்.

"தெரியும்."

"இடது ஓரத்துல நம்ம ஆளு ஒருத்தன் தனியா நின்னாம்ப்பா. கோச் சொன்னதை மாத்திட்டு எறிஞ்சிருக்கலாம். என்னைத் துரத்தியிருப்பாரு. எப்படியும் துரத்தத்தான போறாங்க. ஆனா சுத்தி எல்லாரும் ஓடு ஓடுன்னு கத்துறானுங்க. நீ என்ன சொல்றன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு பாத்தேன். காத்துல கேக்கல. என்ன கத்தின?"

கஸ் குனிந்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தான். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"ஒண்ணும் கத்தலை," என்றேன்.

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

கோரி தலையாட்டினான். கையிலிருந்த ரொட்டியை அடுப்பின் ஓரத்தில் வைத்தான்.

"அப்ப உனக்கும் ஏழாவது இடம்தான் வேணுமா இருந்திருக்கு," என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.